கொட்டாங்குச்சியும் பசுமைதான்

போன ஜூன் 5 அன்று எங்கள் வங்கிக் கிளையில் பூமியைக் காப்பாற்றினோம். மாலை நாலரைக்குத் தொடங்கி ஐந்து பத்துக்குள் முடித்துவிட்டோம். தலைமை அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கை வந்திருந்தது: 'வீட்டிலிருந்து தொடங்குவோம்.' பத்து உறுதிமொழிகள். துணிப்பை எடுத்துப் போவேன், வாளியில் குளிப்பேன், தேவையில்லாத விளக்கை அணைப்பேன், குப்பையை மக்கும் மக்காத என்று பிரித்துப் போடுவேன், பேப்பர் கப்பைத் தொடமாட்டேன், இப்படிப் போகிறது. பத்தடி ஃப்ளெக்ஸ் பேனர் ஒன்றின் முன்னால் நின்று வலது கையை நீட்டி வாசித்தோம். "கவிஞரே, நாலு வரி எடுத்து விடுங்க" என்றார் மேலாளர். வங்கியில் கவிஞன் என்றால் இதுதான் வேலை. ஆயுத பூஜைக்கு ஒன்று, ரிடையர் ஆகிறவருக்கு ஒன்று. மரம், மழை, மண் என்று மோனை பிடித்து நானும் சொன்னேன். கை தட்டினார்கள். ஆளுக்கொரு மஞ்சப்பையும் பெயர் எழுதிய பீங்கான் கப்பும் கொடுத்தார்கள். பல்லை இளித்துக்கொண்டு வாங்கிக்கொண்டேன். இதை முதலில் ஒத்துக்கொண்டுதான் மேலே எழுத வேண்டும்.

கூட்டம் முடிந்ததும் நாற்காலிகளை அடுக்கியது, பேனரைக் கழற்றியது, சமோசா தின்ற தட்டுகளைப் பொறுக்கியது எல்லாம் அக்கா. ஒப்பந்தத் தொழிலாளி. பையும் கப்பும் நிரந்தர ஊழியர் எண்ணிக்கைப்படி வந்தவை. அக்கா அந்தக் கணக்கில் வரமாட்டார். அவருக்கு அன்றைக்கும் பேப்பர் கப்பில்தான் டீ. மற்ற எல்லோரும் பேப்பர் கப்பைத் துறந்துவிட்டதால், எங்கள் கிளையில் பூமிக்கு எதிராக நடந்துகொள்கிறவர் இப்போது அவர் ஒருவர்தான்.

சனிக்கிழமை காட்டூருக்குப் போனேன். கும்மிடிப்பூண்டி வண்டியில் எண்ணூர் தாண்டி அத்திப்பட்டு வரும்போது புகைபோக்கிகளைப் பார்க்காமல் இருக்க முடியாது. வடசென்னை அனல் மின் நிலையத்தில் முதல் இரண்டு கட்டம் சேர்த்து 1,830 மெகாவாட், வல்லூரில் 1,500. விளக்கை அணைப்பேன் என்று நகரத்தில் கை நீட்டியவனுக்கு வெளிச்சம் மட்டும் போய்ச் சேருகிறது. சாம்பல் இங்கேயே தங்கிவிடுகிறது. செப்பாக்கம் பக்கத்தில் சாம்பல் குளம். குழாய் வெடிக்கிற போதெல்லாம் கொற்றலை ஆற்றில் சாம்பல் கூழ். ஏசியை 24-ல் வைத்தால் பூமி குளிரும் என்கிறான். வைக்கட்டும். ஏசியே இல்லாத சனம் மூச்சு விடுகிற காற்றில் இருப்பது எவன் வீட்டுச் சாம்பல் என்றும் ஒரு வரி உறுதிமொழியில் சேர்த்திருக்கலாமே?

பையை அம்மாவிடம் நீட்டினேன். "இன்னாடா இது, அரிசிக் கடப் பையாட்டம் கீது" என்றாள். ஒரு காலத்தில் கிராமத்திலிருந்து மஞ்சப்பையோடு பஸ் ஏறி வந்தவனைப் 'பட்டிக்காட்டான்' என்று சிரித்த பட்டணம் இது. 2021 டிசம்பரில் அரசாங்கம் 'மீண்டும் மஞ்சப்பை' என்று இயக்கம் தொடங்கியபிறகு பைக்கு மரியாதை வந்துவிட்டது. பையைத் தூக்கி வந்தவனுக்கு வந்ததா என்பது வேறு கேள்வி.

வேடிக்கைக்காக உறுதிமொழிகளை ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினேன்.

"வாளியிலதான் குளிக்கணுமாம்மா."

"பின்ன எதுல குளிக்கிறானுங்களாம்?"

"லைட்டத் தேவையில்லாம எரிக்கக் கூடாதாம்."

"நூறு யூனிட்டத் தாண்டுனா காசு கட்டணுமேன்னு நானே அணைச்சிக்கினு கீறேன். இத்த வேற எழுதி வெச்சிக்கினு படிக்கிறியா?"

"பழைய துணியத் தூக்கிப் போடக் கூடாதாம்."

"உங்க நைனா வேட்டி மூணு எடத்துல கீது. ஒண்ணு தலகாணி உறை, ஒண்ணு கரித்துணி, ஒண்ணு உம் புள்ளைக்கித் தூளி கட்னது. ஞாபகம் கீதா?"

"எல்லாத்தையும் எல்லார்கூடவும் பகிர்ந்து பொழங்கணுமாம். வாங்குறது கொறையுமாம்."

அதுவரை விடாமல் பதில் சொல்லிக்கொண்டு வந்தவள் இதற்கு மட்டும் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். "யாராண்ட? ஊர்க்காராண்டயா?" என்றாள். சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

இந்தக் கட்டுரை அந்தச் சிரிப்புக்கு எழுதுகிற விளக்கம்தான்.

அதற்கு முன் ஒரு எச்சரிக்கை. என் அம்மாவைப் பசுமைத் தாய் என்று மாலை போட்டு மூலையில் உட்கார வைக்க எவனாவது கிளம்பினால் அவனுக்கு நான் எதிரி. அவள் பத்து உறுதிமொழிகளையும் பிறந்ததிலிருந்து கடைப்பிடிக்கிறாள் என்றால் அதற்குப் பெயர் பசுமை அல்ல, இல்லாமை. அவளுக்கு வாஷிங் மிஷின் வேண்டும். குளிர்ந்த தண்ணீர் வேண்டும். மழை பெய்தால் ஒழுகாத கூரை வேண்டும். நகரத்து மேல்சாதி வீடுகள் ஐம்பது வருஷம் தின்று தீர்த்துவிட்டு, இப்போது செரிக்காமல் 'எளிமை' என்று ஏப்பம் விடுகின்றன. நாம் இன்னும் பந்தியிலேயே உட்காரவில்லை. எளிமையாய் இரு என்று நமக்குச் சொல்ல இவர்கள் யார்?

சரி, கப்புக்கு வருகிறேன். பசுமைக்காரர்களின் முழு வேதமும் ஒரு சொல்லில் அடங்கும்: மறுபயன்பாடு. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியாதே. கழுவி மறுபடியும் பயன்படுத்து. ஒருவர் பயன்படுத்தியதை இன்னொருவர் பயன்படுத்து. மிகச் சரியான பேச்சு. ஆனால் இந்த நாட்டில் அந்தப் பேச்சுக்கு நடுவில் ஒரு சுவர் நிற்பதை இவர்கள் பார்ப்பதே இல்லை. மறுபயன்பாடு என்றால் என்ன? நான் வாய் வைத்த டம்ளரில் நீ வாய் வைப்பது. நான் முகந்த கிணற்றில் நீ முகப்பது. நான் படுத்த பாயில் நீ படுப்பது. சாதி என்ற ஏற்பாடு முழுவதும் இதைத் தடுக்கத்தானே கட்டப்பட்டது? ஒவ்வொரு சாதிக்கும் தனிப் பாத்திரம், தனித் துறை, தனிச் சுடுகாடு. ஒரு சுடுகாடு போதுமான இடத்தில் மூன்று. எவ்வளவு நிலம், எவ்வளவு விறகு வீண்? ஏதாவது சூழலியல் அமைப்பு இதைக் கணக்குப் போட்டிருக்கிறதா?

ஆயா சொல்லிக் கேட்டிருக்கிறேன். அவள் காலத்து டீக்கடைக் கூரைக் கீற்றில் கொட்டாங்குச்சிகள் செருகியிருக்கும். நம் ஆட்கள் போனால் தானே உருவி, தானே கழுவி, நீட்ட வேண்டும். மேலே தூக்கி ஊற்றுவார்கள். குடித்துவிட்டுத் தானே கழுவிச் செருகிவிட்டு வர வேண்டும். பிளாஸ்டிக் இல்லை, மரம் வெட்டவில்லை, மக்கும் பொருள், உள்ளூர்த் தயாரிப்பு, மறுபயன்பாடு. இதைவிடப் பசுமையான டீக்கடை உலகத்தில் உண்டா? இன்றைக்கு அதே கொட்டாங்குச்சியைத் தேய்த்துப் பளபளப்பாக்கி இயற்கை அங்காடிகளில் கப் என்று விற்கிறார்கள். என் நண்பர் ஒருவர், நல்ல மனிதர், வீட்டுக்குப் போனபோது அதில்தான் சுக்கு காபி கொடுத்தார். "எவ்ளோ அழகா இருக்கு பாருங்க" என்றார். என்னால் குடிக்க முடியவில்லை. காரணம் கேட்டார். சொன்னேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. அவரை நோகடிப்பது என் நோக்கமல்ல. ஆனால் ஒரு பொருள் மக்குமா மக்காதா என்று மட்டும் கேட்கிறவனுக்கு அந்தப் பொருளில் மக்காமல் கிடப்பது எது என்று தெரியாது.

கொட்டாங்குச்சிக்குப் பிறகு வந்தது இரட்டை டம்ளர். அவர்களுக்கு ஒரு டம்ளர், நமக்கு நசுங்கிய ஒன்று. போராட்டம், வழக்கு, வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் என்று 1989-க்குப் பிறகு நெருக்கடி வந்தபோது பல கடைகள் எப்படித் தப்பித்தன தெரியுமா? தூக்கி எறிகிற கப். எல்லோருக்கும் கண்ணாடி டம்ளர், காலனிக்காரனுக்கு மட்டும் பிளாஸ்டிக் கப். கேட்டால், 'சுத்தமா இருக்குமேன்னுதாம்ப்பா குடுக்கிறோம்.' தமிழ்நாட்டின் எத்தனையோ கிராமங்களில் பிளாஸ்டிக் கப் என்பது தீண்டாமையின் நவீன வடிவம். 2019 ஜனவரி 1 முதல் அரசு 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களைத் தடை செய்தபோது அந்தக் கப்பும் தடைப் பட்டியலில் இருந்தது. நான் அந்தத் தடையை வரவேற்கிறேன். ஆனால் கப் போன இடத்தில் என்ன வருகிறது? எல்லோருக்கும் ஒரே எவர்சில்வர் டம்ளர், ஒரே தொட்டியில் ஒரே கையால் கழுவப்படுமா? இல்லை மறுபடியும் தனி டம்ளரா? பிளாஸ்டிக்கை ஒழிக்கப் புறப்பட்ட அதிகாரிகள் கடை கடையாகப் போய்ப் பையைப் பிடுங்கி அபராதம் போட்டார்கள். போன வழியில் டம்ளரையும் எட்டிப் பார்த்திருக்கலாம்.

சொல்லிலேயே இருக்கிறது விஷயம். சுற்றுச்சூழல் மாசு என்கிறார்கள், தீட்டு என்கிறார்கள். தமிழில் இரண்டு சொல். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல், பொல்யூஷன். 1927 மார்ச் 20 அன்று மகாத்தில் சவுதார் குளத்தில் அம்பேத்கர் இறங்கித் தண்ணீர் குடித்தார். ஆயிரக்கணக்கானவர்கள் குடித்தார்கள். பிறகு சாதி இந்துக்கள் குளத்தை 'சுத்தம்' செய்தார்கள். 108 பானையில் சாணியும் கோமியமும் பாலும் தயிரும் கொண்டுவந்து ஊற்றினார்கள். மனிதன் குடித்தால் மாசு, சாணி கொட்டினால் தூய்மை! இந்த நாட்டில் சூழலியல் பேசுகிற எவரும் தொடங்க வேண்டிய இடம் அந்தக் குளத்தங்கரை. 1972 ஸ்டாக்ஹோம் மாநாட்டிலிருந்து ஜூன் 5 வந்தது. நமக்கு மார்ச் 20 அதற்கு 45 வருஷம் முன்னாலேயே இருக்கிறது.

தண்ணீர் என்றதும் அந்த வாளி நினைவுக்கு வருகிறது. வாளியில் குளி, குழாயை மூடு என்பதை எங்கள் பக்கத்து ஆட்களிடம் சொல்லும்போது கொஞ்சம் நிதானம் தேவை. மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் என்று ஆரணியாறும் கொற்றலையும் விட்டுப்போன மணலுக்குள் நல்ல தண்ணீர் இருந்தது. அறுபதுகளின் கடைசியில் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு அளந்து பார்த்தார்கள். வரிசையாக ஆழ்கிணறுகள் போட்டார்கள். மணலித் தொழிற்சாலைகளுக்கும் சென்னைக்கும் குழாய் போனது. கடலோர நிலத்தடியில் நல்ல தண்ணீர்தான் தன் பாரத்தால் உப்புத் தண்ணீரைத் தள்ளி நிறுத்திவைக்கிறது. நல்ல தண்ணீரை இழுத்து மட்டம் கடலுக்குக் கீழே போனால், கடல் உள்ளே நடந்து வரும். வந்தது. 1969 வாக்கில் கரையிலிருந்து மூன்று கிலோமீட்டர் அளவில் இருந்த உப்பு, எண்பதுகள் முடிவதற்குள் ஒன்பது கிலோமீட்டர் வரை வந்துவிட்டது. கிணறு உப்பு. பம்புசெட் உப்பு. சோறு வடித்தால் கஞ்சி உப்பு. நெல் போட்ட கழனி என்ன ஆனது, அதில் கூலிக்குப் போன நம் சனம் என்ன ஆனது என்று எந்தச் சுற்றறிக்கையிலும் வரவில்லை.

கதை அதோடு முடியவில்லை. 2010-ல் காட்டுப்பள்ளிக் கரையில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை திறந்தார்கள். நாளுக்கு 10 கோடி லிட்டர். பெயர் மீஞ்சூர் ஆலை, தண்ணீர் சென்னைக்கு. கரையில் நமக்கு மிச்சம் அது கடலில் திருப்பிவிடுகிற கெட்டி உப்புத் தண்ணீர். முதலில் நிலத்தடியை உறிஞ்சி ஊரை உப்பாக்கினார்கள். பிறகு அதே ஊர்க் கடலில் உப்பைப் பிரித்து எடுத்துக்கொண்டு போகிறார்கள். எங்கள் வீட்டில் 20 லிட்டர் கேன் காசு கொடுத்து வாங்கி வைத்திருக்கிறோம். 2003-ல் மழைநீர்த் தொட்டியை வீட்டுக்கு வீடு சட்டம் போட்டுக் கட்டாயமாக்கினார்கள். நல்ல சட்டம்தான், குறை சொல்லவில்லை. வீட்டுக்காரனைக் கட்டாயப்படுத்தத் தெரிந்த அரசாங்கத்துக்கு ஆலைக்காரனைக் கட்டாயப்படுத்தும்போது மட்டும் நாக்கு ஒட்டிக்கொள்வதைத்தான் சொல்கிறேன்.

இந்த வித்தை நம் ஊரில் பிறந்ததில்லை. அமெரிக்காவில் 1971-ல் ஒரு விளம்பரம் வந்தது. குப்பை எறிகிறவர்களைப் பார்த்து ஒரு செவ்விந்தியர் கண்ணீர் விடுவார். மாசை உண்டாக்குவது மக்கள், நிறுத்த வேண்டியதும் மக்கள் என்பது செய்தி. காசு போட்ட அமைப்பின் பின்னால் இருந்தவர்களில் பாட்டிலும் டப்பாவும் செய்கிற கம்பெனிகள். அழுதவரும் செவ்விந்தியர் இல்லை, இத்தாலி வம்சாவளி நடிகர். நிலத்தைப் பறிகொடுத்த சனத்தின் முகத்தையே முகமூடியாக மாட்டிக்கொண்டு, பறித்தவன் நமக்கு ஒழுக்கம் சொன்னான். 2004 வாக்கில் பிரிட்டிஷ் பெட்ரோலியம் என்கிற எண்ணெய்க் கம்பெனி, உன் வீடு எவ்வளவு கரிப்புகை விடுகிறது என்று நீயே கணக்குப் பார்த்துக்கொள் என்று ஒரு கணக்கை இலவசமாகக் கொடுத்தது. எண்ணெய் விற்கிறவன் கணக்குக் கேட்கிறான்! 1982-ல் வட கரோலினாவின் வாரன் மாவட்டத்தில் கறுப்பின மக்கள் தங்கள் ஊரில் விஷ மண் கொட்ட வந்த லாரிகளுக்கு முன்னால் சாலையில் படுத்தார்கள். நூற்றுக்கணக்கில் கைதானார்கள். நமக்கு உறவு அவர்களோடுதான்.

பழவேற்காட்டு ஏரிக்கு வருவோம். சூழலியல் ஆய்வாளர்களுக்கு இங்கே மிகவும் பிடித்தது பாடு முறை. எவர் எந்த நாள் எந்த இடத்தில் வலை போடுவது என்று ஊர் கூடிச் சீட்டுப் போட்டு முடிவு செய்வது. ஏரியைச் சுரண்டாமல் பங்கிட்டுக்கொள்ளும் பாரம்பரிய அறிவு என்று எழுதுகிறார்கள். பொய்யில்லை. ஆனால் பாட்டில் பெயர் சேரப் பட்டினவராகப் பிறக்க வேண்டும். ஆணாக இருக்க வேண்டும். கல்யாணம் ஆகியிருக்க வேண்டும். காலனிக்கும் இருளருக்கும் சீட்டு கிடையாது, கரையோரச் சேறுதான். இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து, கையால் தடவித் தடவி இறால் பிடித்து, வாயில் கடித்த பறியில் போட்டுக்கொள்ளும் பெண்களைப் பாருங்கள். மோட்டார் இல்லை, டீசல் இல்லை, நைலான் வலை இல்லை. இதைவிடக் குறைவாக ஏரியை நோகடிக்கிற மீன்பிடிப்பு இல்லை. விரல் நுனி வெந்து வெடித்த அந்தக் கைகளைப் பாரம்பரிய அறிவு என்று பாடு அளவுக்குக் கொண்டாடி நான் படித்ததில்லை. பகிர்வு என்ற சொல்லைக் கேட்டதும் அம்மா ஏன் சிரித்தாள் என்று புரிகிறதா?

பட்டினவரை எதிரியாக்க இதை எழுதவில்லை. காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 6,000 ஏக்கருக்கு மேல் விரிக்க 2018-ல் திட்டம் போட்டபோது குப்பங்களும் காலனிகளும் சேர்ந்துதான் எதிர்க்க வேண்டியிருந்தது. 2023 செப்டம்பரில் நடத்தவிருந்த கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கவில்லை. கடல் உள்ளே வந்தால் பாட்டுக்காரன் பாடில்லாதவன் என்று பார்க்காது. நாளைக்கும் சேர்ந்து நிற்போம். ஆனால் போராட்டப் பந்தலில் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு ஏரியில் மட்டும் தள்ளி நில் என்றால், அந்த ஏரியைக் காப்பாற்றி நமக்கு என்ன?

கடைசியாகக் குப்பை. 2016 திடக்கழிவு விதிகள் வீட்டிலேயே பிரித்துக் கொடு என்றன. எங்கள் கிளையில் பச்சைத் தொட்டி ஒன்று, நீலத் தொட்டி ஒன்று. சாயங்காலம் அக்கா இரண்டையும் ஒரே சாக்கில்தான் கவிழ்க்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் ஊழியர்கள் எதை எதில் போடுவது என்று பார்ப்பதே இல்லை. பிறகு கீழே உட்கார்ந்து கையுறை இல்லாமல் பிரிக்கிறார். பிரிப்பது என்பது இந்தச் சமூகத்துக்குப் பழக்கமான வேலைதான். மனிதரைப் பிரித்துப் பிரித்துக் கை தேர்ந்தவர்களுக்குத் தேங்காய் நாரையும் பால் கவரையும் பிரிக்க மட்டும் தெரியவில்லை. அதற்கு நம் கை வேண்டும். 2025 ஆகஸ்டில் சென்னையில் தூய்மைப் பணியாளர்கள், வேலையைத் தனியாரிடம் கொடுக்காதே, நிரந்தரமாக்கு என்று ரிப்பன் மாளிகை முன்னால் 13 நாள் உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் பெண்கள், பெரும்பாலும் நம் சனம். நள்ளிரவில் போலீசை விட்டு அள்ளிப் போட்டார்கள். அப்போது நகரத்துப் பசுமை வீட்டுக்காரர்களில் எத்தனை பேர் அந்த நடைபாதைக்கு வந்தார்கள்? மாடித் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றுகிற நேரம் போலிருக்கிறது.

இனி என் பங்கு. மேலாளரிடம் போய், அக்காவுக்கும் ஒரு கப் வாங்க வேண்டும் என்றேன். "அவங்க கேக்கலையே சார்" என்றார். கேட்கவில்லைதான். பிறகு நானே ஒரு பீங்கான் கப் வாங்கி வந்து, மற்றவர்களுடையது தொங்குகிற அதே கொக்கிப் பலகையில் மாட்டினேன். அக்காவிடம் சொன்னபோது, "எதுக்கு சார் வம்பு" என்றார். அன்றைக்கு அதில் டீ குடித்தார். எல்லாக் கப்பையும் கழுவுகிறவர் அவர்தான்; தன்னுடையதையும் சேர்த்துக் கழுவி மாட்டினார்.

மறுநாள் காலை நான் போனபோது அந்தக் கப் கழிவறை ஜன்னல் விளிம்பில் பினாயில் பாட்டில் பக்கத்தில் இருந்தது. எடுத்து மறுபடி பலகையில் மாட்டினேன். அடுத்த நாளும் ஜன்னல். மறுபடி மாட்டினேன். யார் மாற்றுகிறார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. இதோடு பதினோரு தடவை ஆகிவிட்டது. நேற்று சாயங்காலம் கிளம்பும்போது பார்த்தேன், அது பலகையில்தான் இருந்தது. இன்றைக்கு ஞாயிறு.